சைக்கிள் பாகங்களில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள். போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), பிரேக் கட்டை, செயின், பெடல், சீட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: சைக்கிள் கடை வைத்திருப்பவனிடமே இதைக் கேட்கிறீர்கள்! சரி, சொல்கிறேன். ஓடும்போது உடைந்தால் பிள்ளை கீழே விழுமா, இல்லை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேருமா? ஒவ்வொரு பாகத்துக்கும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சீட்டு மலிவாகவே போடுங்கள். பெடலும் அப்படித்தான், ஆனால் எழுந்து நின்று மிதிக்கிற பழக்கம் மகளுக்கு உண்டென்றால் முழு பிளாஸ்டிக் வேண்டாம்.

செயினை மாற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரும். அரைக்கால் (1/8) அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஃப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். தள்ளவே இல்லையா? எண்ணெய் விட்டால் போதும், அந்தக் காசு மிச்சம்.

போர்க் வேறு விஷயம். அது போனால் முன்சக்கரமே போகிறது, கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. ஏன் மாற்றச் சொல்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். எங்கேயோ மோதி பின்பக்கமாக வளைந்திருக்கலாம், அல்லது தலைப்பகுதிக்குக் கீழே பெயிண்ட் சுருங்கி விரிசல் தெரியலாம். “சுத்தியலால் நிமிர்த்தித் தருகிறேன்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மலிவான ஷாக் போர்க்கும் வேண்டாம். கனம்தான் மிச்சம், கொஞ்ச நாளில் ஆட்டம் கொடுக்கும். ஷாக் இல்லாத சாதாரண இரும்புப் போர்க் அதைவிட விலை குறைவு, உறுதியும் அதிகம். சக்கர அளவும் போர்க்கின் மேல் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும், அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோய் நேரில் வாங்குங்கள்.

பிரேக் கட்டையில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் நல்ல கட்டையே வழுக்கும். உங்கள் ஊர்ச் சாரலில் மட்டமான கட்டை எப்படிப் பிடிக்கும்? அப்படியே பிரேக் லீவரை அழுத்தி, ஒயரின் குமிழ் உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் ஒயரை மாற்றுங்கள், நூறு ரூபாய்கூட ஆகாது.

போர்க் வளைந்திருப்பது உண்மையென்றால், புதியது மாட்டும்வரை மகள் பஸ்ஸில் போகட்டும்.