கத்தோலிக்கப் பள்ளியில் பொறியியலையும் கலையையும் ஒரே பாடமாகச் சேர்த்து நடத்த முடியுமா?

முடியும். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு டிசம்பர் மட்டும் முடிந்தது.

பாம்பன் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் நிர்வாகத்தில் இருக்கிறீர்கள், ரோபோ கிட்டுக்கு கொட்டேஷன்கூட வாங்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2019 கிறிஸ்துமஸ் குடிலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாம்பன் ரயில் பாலத்தைச் செய்தார்கள். மூன்று ராஜாக்கள் வல்லத்தில், அதாவது எங்கள் ஊர் மீன்பிடிப் படகில், வருவார்கள், பாலம் திறந்து வழிவிடும். (பெத்லகேமில் ஏது கடல் என்று கிளம்பிவிடாதீர்கள். ராமேஸ்வரம் தீவில் பஞ்சை ஒட்டிப் பனி என்கிறோம், அதை ஒருத்தரும் கேட்பதில்லை.)

1914-ல் திறந்த அந்தப் பாலத்தின் நடுவில் இரண்டு இறக்கைகள். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித் தூக்கினார்கள். 2025-ல் வந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. இரண்டிலும் சூட்சுமம் எதிர் எடை, அதாவது மறுமுனையில் வைக்கும் கனம்தான். எங்கள் பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள். இழுத்த நூல் அறுந்து, இறக்கை விழுந்து, ஓர் இடையருக்குத் தலை போனது.

பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஓடாவித் தாத்தா, காகிதத்தில் ஒரு கோடு போடாமல் வல்லம் கட்டுகிறவர், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "வாலுல கனமே இல்லையே சார், மூக்கு எப்புடித் தூக்கும்?" மறுநாள் ஒரு பையன் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை அள்ளி வந்தான். அறிவியல் ஆசிரியர் போர்டில் எழுதினார்: இறக்கை 400 கிராம், அதன் கனமையம் அச்சிலிருந்து 30 செ.மீ.; பின்னால் 10 செ.மீ. தள்ளி எவ்வளவு கட்டணும்? திருப்புத்திறன் (கனத்தைத் தூரத்தால் பெருக்குகிற கணக்கு) என்றாலே கொட்டாவி விடும் கூட்டம் "1,200!" என்று கத்தியது.

கலை எங்கே என்பீர்கள். பாலத்தின் இருபுறமும் ஒரே நீலத்தை அடிக்கச் சொன்னேன். அந்தப் பேத்தி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். "இப்ப வாடைக்காத்து சார். வடக்குக் கடல்தான் அடிக்கும், தெக்குக் கடல் குளமாட்டம் கெடக்கும்." வடக்கே சாம்பலும் நுரையும் அவளே தீட்டினாள். இத்தனை வருஷம் பாலத்தைக் கடந்து வருகிற எனக்கு அது தோன்றவில்லை.

பக்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வருவார்கள். சூசையப்பர் தச்சர். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். போதுமா?

ஆண்டு மலரில் 'அறிவியல் துறை சாதனை' என்று போட்டோ வந்தது. என் பெயர் இல்லை. பெயருக்காகச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதமே என் இரண்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு, ரோடு பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயிலைப் போட்டோ எடுக்கிறவர்களால் மண்டபத்திலிருந்து வரும் எனக்கு வாரம் இரண்டு நாள் லேட் மார்க். இதை யாரிடம் சொல்ல?

கிட் வேண்டாம். இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்து ஒரு பீரியட் கொடுங்கள், ஓடாவியைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

பொங்கல் முடிந்ததும் அந்தப் பையனின் அப்பா வந்து ஈயக்குண்டுகளை எண்ணி வாங்கிப் போனார். பாலம் ஸ்டோர் ரூமில் மூடியபடி கிடக்கிறது.