மிதக்குற அரிசியும் மோர்ப் பானையும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ரேஷன் அரிசி, மோர், கூழ்னு ஒரே பக்கமா இருந்துச்சு, அதனால எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துக்கிட்டேன்.

அக்கா, ரேஷன் அரிசிய களையும்போது கொஞ்சம் அரிசி மட்டும் மேல மிதக்குது, நிறமும் லேசா வேற மாதிரி. எங்க மாமியார் இது பிளாஸ்டிக் அரிசின்னு ஒண்ணு விடாம பொறுக்கி கோழிக்கு போட்டுடறாங்க. நிஜமாவே பிளாஸ்டிக்கா? (உசிலம்பட்டி வாசகி)

அப்போ உங்க வீட்லயே நல்ல சத்தோட இருக்கிறது கோழிங்கதான்! அது பிளாஸ்டிக் இல்லம்மா, அரிசிதான். அரிசிய மாவாக்கி அதுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், விட்டமின் பி12 மூணையும் கலந்து, சேவை பிழியிற மாதிரி மெஷின்ல அழுத்தி, திரும்ப அரிசி வடிவத்துலயே வெட்டி எடுக்கறாங்க. இந்த மணிய 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோங்கிற கணக்குல கலக்கறாங்க, செறிவூட்டப்பட்ட அரிசின்னு சொல்றது இதத்தான். மாவ அழுத்தி செஞ்சதால உள்ள இறுக்கம் கம்மி, அதான் சிலது மிதக்குது. தமிழ்நாட்டுல 2020ல திருச்சி மாவட்டத்துல சோதனையா ஆரம்பிச்சு அப்புறம்தான் மத்த ஊருக்கெல்லாம் வந்துச்சு, ஆனா இது என்னன்னு கடைல எடுத்து சொல்ல ஆள் இல்லாம போனதால வாட்ஸ்அப்ல வந்ததே உண்மைன்னு ஆயிடுச்சு. நூறுல ஒண்ணா இருக்கறத பொறுக்கி எறிஞ்சிட்டா மிச்சம் வெறும் அரிசிதான், சேர்த்த சத்து முழுக்க அந்த ஒண்ணுலதான் இருக்கு. ரெண்டு தண்ணி களைஞ்சா போதும், தேய்ச்சு தேய்ச்சு கழுவ வேணாம். முடிஞ்சா கஞ்சி வடிக்காம தண்ணி அளந்து வச்சு பொங்குங்க. வடிச்சாலும் அந்த கஞ்சிய கீழ ஊத்தாதீங்க, உப்பு போட்டு குடிக்கலாம்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. வீட்ல யாருக்காவது தலசீமியாவோ சிக்கிள் செல் நோயோ (ரெண்டுமே பரம்பரையா வர்ற ரத்த நோய்) இருந்தா இரும்பு சேர்த்த உணவ டாக்டர கேட்டுட்டுதான் குடுக்கணும்.

எனக்கு ஹீமோகுளோபின் 9.2 மேடம். அந்த அரிசிதான் சாப்பிடறோம், அப்போ இரும்பு மாத்திரைய நிறுத்திடலாமா? மாத்திரை போட்டா வயிறு ஒரு மாதிரி பண்ணுது. (விருத்தாசலம் வாசகி)

நிறுத்தாதீங்க. ஒரு சின்ன கணக்கு பாருங்க. இந்த அரிசில கிலோவுக்கு 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் வரைக்கும் இரும்பு இருக்கணும்னு விதி. நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டா 6லேர்ந்து 8 மில்லிகிராம் சொச்சம் கிடைக்கும். நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்ற அளவு நாளைக்கு 29 மில்லிகிராம். அப்போ அரிசிலேர்ந்து வர்றது கால்வாசி, மீதி முக்கால்வாசிக்கு கீரை, பயறு, சுண்டல், முட்டை, மீன், ஈரல்னு மத்த சாப்பாடுதான். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனாலே ரத்தசோகைன்னு சொல்லுவாங்க, நீங்க 9.2ல இருக்கீங்க, அத மேல ஏத்த மாத்திரைதான் வேணும்.

வயிறு பண்றதுக்கு டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரையோ வேற நேரமோ மாத்தி குடுப்பாங்க. மலம் கருப்பா போனா பயப்படாதீங்க, அது மாத்திரையால. ஆனா மாத்திரை எடுக்காமலே கருப்பா தார் மாதிரி போச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க.

இன்னொண்ணு நீங்க எழுதல, ஆனா நான் கேட்டே ஆகணும், சாப்பிட்டு கை கழுவுனதும் டீ குடிக்கிற பழக்கம் இருக்கா? நான் டயட்டீஷியனா வேலை பார்த்தப்ப, எல்லாம் சரியா சாப்பிடறேன் ஆனா ரத்தம் ஏற மாட்டேங்குதுன்னு வர்றவங்கள்ட்ட முதல்ல இததான் கேப்பேன், பத்துக்கு ஏழு பேர் தலைய ஆட்டுவாங்க. டீ, காபில இருக்கிற துவர்ப்பு சத்து இரும்ப பிடிச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. ஒரு மணி நேரம் முன்ன பின்ன தள்ளி குடிங்க, அவ்ளோதான். அதுக்கு பதிலா சோத்தோட ஒரு துண்டு நெல்லிக்காய், இல்ல ரசத்துல எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க, அதுல இருக்கிற விட்டமின் சி இரும்ப உள்ள இழுத்துக்கும். மாத்திரைய பாலோடயும் மோரோடயும் போடாதீங்க, கால்சியமும் இடைஞ்சல் பண்ணும்.

நான் கோவைல ஐடி வேலைல இருக்கேன். வயிறு உப்புசம் தாங்கலன்னு ரெண்டு வாரமா பாரம்பரியத்துக்கு மாறிட்டேன். காலைல சீரகத் தண்ணி, நீராகாரம், கம்பங்கூழ், மதியம் மோர், நைட் தினை தோசை. ஆனா கேஸ் முன்ன விட ஜாஸ்தியா இருக்கு. ஏன்?

தம்பி, மெனுவ படிச்சதுக்கே எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு. இவ்ளோ நாளா புரோட்டாவும் வெள்ளை சோறும் போன வயித்துக்கு திடீர்னு மூணு வேளையும் நார்ச்சத்த கொட்டுனா அது என்ன பண்ணும்? குடல்ல இருக்கிற பாக்டீரியா அத்தனையையும் நொதிக்க வச்சு கேஸாத்தான் வெளிய விடும். முதல்ல ஒரு வேளை மட்டும் மாத்துங்க, ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த வேளை. தண்ணி நிறைய குடிங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பத்து நிமிஷத்துல விழுங்காம மென்னு சாப்பிடுங்க. கூழ் குடிக்கணும்னா முந்துன ராத்திரியே மாவ கரைச்சு புளிக்க வச்சு மறுநாள் காய்ச்சறதுதான் முறை. புளிக்கும்போது தானியத்துல இரும்ப கட்டிப்போடற ஃபைட்டேட் குறையும், செரிக்கவும் லேசு. மால்ல விக்கிற இன்ஸ்டன்ட் கூழ் பொடில அந்த புளிப்பு இருக்காது.

நீராகாரம் நல்லதுதான், ஆனா பழைய சோத்துல ராத்திரில இரும்புச்சத்து இருபது மடங்கு ஏறும்னு ஒரு செய்தி சுத்துதே, அத நம்பாதீங்க. சோத்துல இல்லாத இரும்பு விடியறதுக்குள்ள எங்கேர்ந்து வரும்? இருக்கறது உடம்புல சேர்றது கொஞ்சம் சுலபமாகும், அவ்ளோதான். சோறு ஆறுன உடனே சுத்தமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி வைங்க, ராத்திரி பூரா வெறுமனே வெளிய கெடந்த சோத்துல காலைல தண்ணி ஊத்தறது பழைய சோறு இல்ல, அது வயித்துப்போக்குக்கு வழி.

பால் குடிச்சா வயிறு ஊதுதான்னும் பாருங்க. ஊதுனா பால விட்டுட்டு மோரே குடிக்கலாம், தயிராகும்போதே பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சக்கரைல ஒரு பங்கு புளிப்பா மாறிடும். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு பெருங்காயம் ஒரு சிட்டிகை. மோர சுட வைக்காதீங்க, நல்ல கிருமி செத்துடும். இதெல்லாம் செஞ்சும் ஒரு மாசத்துல சரியாகல, இல்ல எடை குறையுது, மலத்துல ரத்தம் வருதுன்னா கைவைத்தியம் பார்க்காம டாக்டர்ட்ட போங்க.

சக்கரை வியாதி இருக்கு, வெல்லம் போட்ட பானகம் குடிக்கலாமா? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்)

வெல்லமும் சக்கரைதான் ஐயா. ராமநவமிக்கு கோயில்ல குடுக்கிற ஒரு வாய் குடிங்க, டம்ளர் வேணாம். சுக்கு மல்லி காபிய இனிப்பு போடாம குடிக்கலாம்.

அயோடின் உப்ப விட்டுட்டு இந்துப்புக்கு மாறச் சொல்றாங்களே? (தாம்பரம் வாசகி)

ருசிக்கு எப்பவாவது போட்டுக்கங்க, தினசரி சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும், இந்துப்புல நமக்கு வேண்டிய அளவு அயோடின் கிடையாது. அயோடின் குறைஞ்சா தைராய்டு வீங்கும், கர்ப்பிணிக்கு குறைஞ்சா வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளை வளர்ச்சி பாதிக்கும். அயோடினோட இரும்பும் சேர்த்த இரட்டை செறிவூட்டிய உப்பும் இருக்கு, ராமநாதபுரம் வாலிநோக்கத்துல நம்ம தமிழ்நாடு உப்பு நிறுவனமே தயாரிக்குது. எந்த உப்பா இருந்தாலும் அடுப்பு பக்கத்துல திறந்து வைக்காம மூடி வைங்க, குழம்ப இறக்கும்போது போடுங்க. பிரஷர் இருக்கிறவங்க எல்லா உப்பையுமே குறைக்கணும், இந்துப்புக்கு தனி சலுகை கிடையாது.

நாலு மாச பேரனுக்கு வயிறு உப்புசமா இருக்கு, ஓமத்தண்ணி குடுக்கலாமா? (மன்னார்குடி வாசகி)

வேணாம் பெரியம்மா. ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், வெறும் தண்ணி கூட கிடையாது. பால் குடிச்சதும் தோள்ல போட்டு முதுக தட்டி ஏப்பம் வர வைங்க. ஓமத்தண்ணிய வேணும்னா நீங்க குடிச்சுக்கங்க.