மே மாத வெயிலில் புதுக்கோட்டை: குடும்பத்தோடு வருபவர்களின் கேள்விகள்

அண்ணா, சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம் ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஊர் சுற்றிய பலன் டிரைவருக்குப் போய்ச் சேரும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மலை, உச்சி வெயிலில் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், நான்கு மணிக்கு மேல் இன்னொரு இடம். அருங்காட்சியகம் 1910இல், புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்தான். ஆனால் நிழலே இல்லாத பாறைச் சரிவில் ஏற வேண்டும். அதை மட்டும் மார்கழிக்குத் தள்ளிவையுங்கள்.

சித்தன்னவாசலில் ஓவியமே தெரியவில்லை என்கிறார்களே?

வெயிலிலிருந்து நேரே பாறையைக் குடைந்த அந்தக் கோயிலுக்குள் போய், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியாதுதான். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். அப்புறம் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் மெல்லப் பிடிபடும். இலைகளுக்கு நடுவே மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தூண்களில் நடன மாதர் இருவர். நிறைய உதிர்ந்துவிட்டது, மறுப்பதற்கில்லை. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தச் சமணக் குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஃப்ளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஏழடிப்பட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா?

வேண்டாம். சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள அந்த இடம் சித்தன்னவாசல் மலையின் மறுபக்கம். படியேறி, குறுகலான பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவைக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு அழைத்துப்போங்கள், சமதரை. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பேரிலும் மனைவியர் இருவர் பேரிலும் எடுத்தவை மூன்று கோயில்கள். இன்று நிற்பவை இரண்டு, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான்.

பசங்களுக்குப் போரடிக்காத இடம்?

திருமயம் கோட்டை. 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. பாதி வழியில் பாறையைக் குடைந்த சிறு அறைக்குள் ஒரு லிங்கம், உச்சியில் பீரங்கி. இரண்டுக்கும் நடுவே அவர்களைப் பிடிப்பதுதான் உங்கள் பாடு. மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் பாருங்கள்.

டிக்கெட், சாப்பாடு?

தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. மலைப் பக்கம் கடைகளை நம்ப வேண்டாம். தண்ணீரும் மோரும் கையோடு இருக்கட்டும். ராத்திரி டவுனுக்கு வந்து முட்டை மாஸ் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.