மருந்தாளர் பதில்கள்: பங்கசு நோய்க்குத் தரப்படும் மருந்துகள்

கேள்வி (ஒரு வாசகி, கொடிகாமம்): என் அம்மாவுக்கு வயது 62. இளவயதில் கசநோய் வந்து மாறியவர். அந்தப் பழைய தழும்பு இருந்த இடத்தில் அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு வளர்ந்திருப்பதாகக் கூறி, இட்ராகொனசோல் 200 மில்லிகிராம் காலையும் இரவும் ஆறு மாதங்களுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வாரங்கள் சென்றுவிட்டன, இருமல் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு கணுக்கால்களும் வீங்கத் தொடங்கியுள்ளன. கொழுப்புக்குச் சிம்வாஸ்ரரின், பிரசருக்கு அம்லோடிபின், வயிற்றெரிவுக்கு ஒமெபிரசோல் ஆகியவற்றையும் பாவிக்கிறார். விடிய எழும்பியதும் எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் பிளேன்ரீயுடன் ஒன்றாகப் போடுகிறார். இருமல் நின்றபடியால் பங்கசுக் குளிசையை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடிய விடயமன்று. இட்ராகொனசோல் சிலரில் இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். அதனால்தான் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதனைக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குகிறார்கள். அம்லோடிபினும் தனியாகவே கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடியது. இட்ராகொனசோல் அந்த அம்லோடிபினை ஈரல் உடைத்து வெளியேற்றுவதைத் தடுப்பதால், வழமையாக எடுக்கும் அதே ஒரு குளிசையே உடலில் கூடிய அளவாக நின்றுவிடுகிறது. அம்மாவின் வீக்கம் இவற்றில் எதனால் வந்தது என்பதைக் கடிதத்தைப் படித்துத் தீர்மானிக்க முடியாது. இன்றைக்கே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். படுக்கும்போது மூச்சு முட்டினாலோ, இரவில் எழுந்து இருந்து மூச்சு வாங்க நேர்ந்தாலோ 1990 இலக்கத்தை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியர் பார்க்கும்வரை அடுத்த வேளை இட்ராகொனசோலைக் கொடுக்க வேண்டாம்.

அதேயளவு அவசரமானது சிம்வாஸ்ரரின். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்பது மருந்தியலில் ஐயத்துக்கு இடமில்லாத விதி. இரத்தத்தில் சிம்வாஸ்ரரினின் அளவு பல மடங்கு உயர்ந்து, தசைநார்கள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். தொடையும் தோளும் காரணமின்றி உளைகின்றனவா, மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறதா, சிறுநீர் தேயிலைச் சாயம் போல இறங்குகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதையும் வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். பங்கசுச் சிகிச்சை முடியும்வரை சிம்வாஸ்ரரினை நிறுத்தி வைப்பது அல்லது இந்தத் தாக்கம் இல்லாத வேறொரு கொழுப்பு மருந்துக்கு மாற்றுவதுதான் வழமை.

ஒமெபிரசோலின் கதை இதற்கு எதிர்மாறானது. இட்ராகொனசோல் கப்சியூல் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும்; ஒமெபிரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. போதாதற்கு, வெறும் வயிற்றில் வேறு எடுக்கிறார். கப்சியூலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கடுகிலும் சிறிய உருண்டை மணிகள் இருக்கும். அமிலமும் உணவும் இல்லாதபோது அந்த மணிகளிலுள்ள மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே மலத்தோடு போய்விடும். ஆகவே கப்சியூலைப் பிரிக்காமல், முழுச் சாப்பாட்டுக்குப் பின் உடனே, காலையிலும் இரவிலும் எடுக்க வேண்டும். ஒமெபிரசோல் உண்மையில் தேவைதானா என்று கேளுங்கள். தேவையென்றால் எப்படி ஈடுகட்டுவது என்பதை வைத்தியர் சொல்வார். இதே மருந்து பாணியாகவும் கிடைக்கிறது. அதற்கு விதி வேறு, அதை வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். எனவே பாணி பாவிக்கும் ஒருவருடைய அனுபவத்தைக் கேட்டு உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இருமல் குறைந்தது நல்ல அடையாளம், ஆனால் பங்கசு அழிந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. நுரையீரலின் பழைய குழிக்குள் இருக்கும் அஸ்பர்ஜிலஸ் மிக மெதுவாகவே அடங்கும். ஆறு மாதம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. பலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். அரைகுறையாக நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, மருந்துக்கு அடங்காத பங்கசாகவும் மாறலாம். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ வைத்தியரின் கையால் நடக்க வேண்டியது. ஈரல் பரிசோதனைக்கான இரத்தத்தை அவர்கள் கேட்கும் நாளில் கொடுக்கத் தவறாதீர்கள். கண் மஞ்சளாதல், கடும் களைப்பு, பசியின்மை, கடுத்த நிறச் சிறுநீர் ஆகியவை தெரிந்தால் அந்த நாள் வரை பொறுக்காமல் உடனே காட்டுங்கள்.

அம்மா இழுப்புக்கு இன்ஹேலர் பாவித்தால் அதையும் சொல்லுங்கள். புடெசொனைட், புளுரிகாசோன் போன்ற ஸ்ரெரொயிட் இன்ஹேலர்களும் இந்த மருந்தோடு சேரும்போது உடலில் தேங்கும். "அது குளிசையில்லைத்தானே" என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, மட்டையைப் பார்த்துப் பெயர்களைப் பென்சிலால் எழுதி அனுப்பியிருந்ததுதான். நம்முடைய ஊர்களில் ஒருவருக்கு நெஞ்சுநோய்க் கிளினிக்கில் ஒரு கொப்பி, பிரசருக்கு வேறு வைத்தியசாலையில் இன்னொரு கொப்பி, நகரில் காசு கட்டிப் பார்க்கும் நிபுணரின் துண்டு தனியாக என்று மூன்று இடங்களில் மருந்து எழுதப்படுகிறது. ஒவ்வொருவரும் சரியான மருந்தைத்தான் எழுதுகிறார்கள். மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவர் எவருமில்லை. எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டு, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அந்தப் பையுடன் போங்கள்.

கேள்வி (ஒரு வாசகர், மானிப்பாய்): சலரோகக்காரரான என் அண்ணாவுக்கு மூக்கிலும் கண்ணருகிலும் கறுப்புப் பங்கசு என்று சத்திரசிகிச்சை செய்து, அம்போதெரிசின் பி என்ற மருந்தைச் சேலைன்போல ஏற்றுகிறார்கள். ஏற்றத் தொடங்கினால் நடுங்குகிறார், காய்ச்சல் வருகிறது. தினமும் இரத்தம் எடுக்கிறார்கள். இது விஷம் என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்கிறார். ரொரன்ரோவிலுள்ள உறவினர், இதைவிட நல்ல வகை இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அண்ணா விரைவில் தேற வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் பயத்தில் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை விளங்கிக்கொண்டால் பயம் குறையும்.

பற்றீரியாவின் உடற்கலம் நம்முடைய கலத்திலிருந்து வெகுதூரம் வேறுபட்டது; பங்கசின் கலம் அப்படியன்று, அமைப்பில் நமக்கு நெருங்கிய உறவு. நம் கலத்தின் மென்சவ்வில் கொலஸ்ரரோல் இருக்கும் இடத்தில் பங்கசில் எர்கொஸ்ரரோல் இருக்கிறது. அம்போதெரிசின் அந்த எர்கொஸ்ரரோலைப் பிடித்துப் பங்கசைச் சிதைக்கிறது. ஆனால் நம் சிறுநீரகக் கலங்களையும் ஓரளவு தாக்குகிறது. இதனால் பொற்றாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் வெளியேறுகின்றன. பொற்றாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். தினமும் இரத்தம் எடுப்பது இதற்காகத்தான், அதை வீண் ஊசி என்று எண்ண வேண்டாம். பொற்றாசியம் குறைகிறது என்று கேள்விப்பட்டுச் செவ்விளநீரை வீட்டிலிருந்து கொண்டு போய்க் கொடுக்கவும் வேண்டாம். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் அதே பொற்றாசியம் அளவுக்கு மிஞ்சித் தேங்கிவிடும். கூட்டுவதையும் குறைப்பதையும் இரத்த அறிக்கையைப் பார்த்து விடுதியில் செய்வார்கள்.

நடுக்கமும் காய்ச்சலும் மருந்து ஏறும்போது பலருக்கு வருவதுதான். தாதியிடம் உடனே சொல்லுங்கள். முன்கூட்டியே கொடுக்க மருந்துகள் உள்ளன. ஒன்றை மட்டும் எவரும் செய்யக்கூடாது: "கெதியாய் முடியட்டும்" என்று சேலைன் குழாயிலுள்ள சிறு சில்லை உருட்டி வேகத்தைக் கூட்டுவது. பழைய வகை அம்போதெரிசின் பல மணி நேரமாக மெதுவாக ஏறவேண்டிய மருந்து. வேகமாக ஏறினால் இதயம் தாக்குப்படும். உப்புச் சேலைனில் கலந்தால் அது திரிந்துவிடும் என்பதால் குளுக்கோசுக் கரைசலில்தான் கலக்கிறார்கள்.

ரொரன்ரோ உறவினர் குறிப்பிடுவது கொழுப்புத் துணிக்கைகளுக்குள் அடைக்கப்பட்ட, லைபோசோமல் எனப்படும் வகையாக இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் குறைவாகவே தாக்கும். இந்த நோய்க்கு விரும்பப்படுவதும் அதுதான். ஆயினும் இரண்டையும் ஒரே மருந்தென்று நினைத்து மாற்றக்கூடாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பழைய வகையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் போதும். லைபோசோமல் வகையில் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ தேவைப்படும். இரண்டும் 50 மில்லிகிராம் குப்பிகளில் வருகின்றன. லைபோசோமலுக்குரிய அளவைப் பழைய வகைக் குப்பிகளிலிருந்து எடுத்து ஏற்றினால் உயிர் போய்விடும். உலகில் அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வகையை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் குளிரில் வைத்திருக்கவும் வேண்டும். பயணப் பையில் யாழ்ப்பாணத்து வெயிலுக்குள் வந்து சேரும் குப்பியை எவர் நம்புவார்? முதலில் நிபுணரிடம் கேளுங்கள். வெளியே வாங்கத்தான் வேண்டுமென்று அவர் சொன்னால், வகையின் முழுப் பெயரையும் குப்பிகளின் எண்ணிக்கையையும் அவர் கையால் எழுதி வாங்கி, பதிவுபெற்ற மருந்தகத்தில் பெறுங்கள்.

2021இல் இந்தியாவில் கோவிட்டின் இரண்டாம் அலையோடு இந்த நோய் பெருகியபோது, கட்டுப்பாடற்ற சலரோகமும் அளவுக்கு மிஞ்சிய ஸ்ரெரொயிட்டும்தான் அதற்கு வழி திறந்தன. கறுப்பு என்பது பங்கசின் நிறமன்று. இரத்தக் குழாய் அடைபட்டு இறந்துபோன தசையின் நிறம். இறந்த தசைக்குள் இரத்தம் போகாது, இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் வெட்டி அகற்றினார்கள். அண்ணாவின் சீனி அளவைக் கட்டுக்குள் வைப்பதும் அந்தச் சேலைனளவு முக்கியமான சிகிச்சையே. பார்க்கப் போகிறவர்கள் இனிப்புப் பண்டம் கொண்டு போகாமல் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கேள்வி (ஒரு விவசாயி, புன்னாலைக்கட்டுவன்): வேலி அடைக்கும்போது பனையோலை கண்ணில் கீறிவிட்டது. ஐந்து நாட்களாகச் சிவந்து நீர் வடிகிறது. மனைவிக்கு முன்பு தந்த கண் துளிமருந்து மிச்சமிருந்தது. விட்டதும் இரண்டு நாள் சுகமாக இருந்து, இப்போது கருவிழியில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது.

பதில்: இதைப் படித்ததும் கண் கிளினிக்குக்குப் புறப்படுங்கள்; நாளைக்கென்று வைக்க வேண்டாம். அந்தத் துளிமருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். ஓலை, வைக்கோல், நெல் உமி போன்றவை கீறிய கண்ணில் பங்கசுப் புண் வருவது வெப்ப நாடுகளில் சாதாரணம். மிச்சமிருந்த மருந்து ஸ்ரெரொயிட்டாக இருந்திருந்தால், சிவப்பை அடக்கிக்கொண்டே பங்கசை வளர விட்டிருக்கும். புண்ணைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து, பெரும்பாலும் நற்றமைசின் 5 வீதத் துளியைத் தருவார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வொரிகொனசோலைவிட இந்தப் பழைய துளியே, குறிப்பாகப் பியூசாரியம் என்ற பங்கசுக்கு, மேலானதென்று தெரியவந்தது. அது பால்போன்ற கலவை, மருந்து போத்தலின் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் வெறும் நீரைத்தான் விடுகிறீர்கள். தொடக்கத்தில் இரவிலும் மணிக்கொரு தரம் விடச் சொல்லலாம். அலாரம் வைத்தாவது விடுங்கள், வாரக்கணக்கில் செல்லும்.

கேள்வி (ஒரு வாசகி, கிளிநொச்சி): எனக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டது. கடந்த ஆண்டு கிரிப்ரொகொக்கஸ் என்ற பங்கசால் மூளைக்காய்ச்சல் வந்து, இப்போது புளூக்கொனசோல் 200 மில்லிகிராம் தொடர்கிறேன். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க ரக்ரோலிமஸ் குளிசையும் சலரோகத்துக்குக் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். நலமாக இருக்கிறேன். ஒரு வருடம் முடிய நானே நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. காரணம் மூளைக்காய்ச்சல் மட்டுமன்று. புளூக்கொனசோல், ரக்ரோலிமஸ் உடைபடுவதைத் தடுத்து அதன் அளவை உயர்த்தும். அதற்கேற்பவே உங்கள் ரக்ரோலிமஸைக் குறைத்திருப்பார்கள். நீங்கள் புளூக்கொனசோலைச் சொல்லாமல் விட்டால், குறைத்த அளவு அப்படியே இருக்க, இரத்தத்தில் ரக்ரோலிமஸ் மேலும் இறங்கி, மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கலாம். புளூக்கொனசோல் உடலிலிருந்து மெதுவாகவே விலகுவதால் இந்த மாற்றம் சில நாட்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நீங்கள் நிறுத்தியதையே மறந்திருப்பீர்கள். நிறுத்தும் நாள் வரும்போது, அன்றைக்கும் அடுத்த வாரங்களிலும் ரக்ரோலிமஸின் இரத்த அளவைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கிளிக்ளசைட்டின் வேலையையும் இந்த மருந்து கூட்டும். வியர்த்துக் கை நடுங்கினால் சீனி இறங்கியிருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். வாந்தி வந்தால் கடையில் டொம்பெரிடோன் கேட்டு வாங்க வேண்டாம். புளூக்கொனசோலோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குழப்பும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்னதாகவே நிபுணரிடம் பேசுங்கள், ஏனெனில் கருப்பகாலத்தின் முதல் மாதங்களில் இந்த மருந்தைக் கூடிய அளவில் நீண்டகாலம் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சிலருக்கு எலும்பிலும் இதயத்திலும் குறைபாடுகள் இருந்திருக்கின்றன. தலையிடி, பார்வை இரட்டித்தல், காரணமில்லாத காய்ச்சல் இவற்றில் எது திரும்பினாலும் கிளினிக் நாளைப் பார்க்காமல் உங்கள் கொப்பியோடு அன்றைக்கே போய்விடுங்கள்.