அரசு முதலீட்டு நிதியமும் அறமும்: கேள்வி பதில்

கேள்வி: அரசாங்கப் பணத்துக்கு லாபம்தானே முக்கியம்? அறத்தை எதற்கு இழுக்கிறார்கள்?

பதில்: அது மக்கள் பணம், அதனால்தான். நார்வே தன் எண்ணெய் வருமானத்தை 1996 முதல் ஒரு அரசு முதலீட்டு நிதியத்தில் போட்டு வருகிறது. உலகப் பங்குச் சந்தைகளில் இருக்கும் பங்குகளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் இன்று அதன் கையில். லாபத்தில் பங்கு வாங்கினால் பழியிலும் பங்கு உண்டு.

கேள்வி: அமைச்சருக்குப் பிடிக்காத கம்பெனியைத் தூக்கிவிட முடியுமா சார்?

பதில்: முடியாதபடிதான் அமைத்தார்கள். விதிகள் 2004-இல் எழுதப்பட்டன. ஐந்து பேர் கொண்ட நெறிமுறைக் குழு ஒன்று கம்பெனிகளை ஆராய்ந்து, சம்பந்தப்பட்ட கம்பெனியின் விளக்கத்தையும் கேட்டுவிட்டு, விலக்கலாமா, கண்காணிப்பில் வைக்கலாமா என்று பரிந்துரைத்து வந்தது; 2025 நவம்பரில் நாடாளுமன்றம் இதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 2015 முதல் அதுவரை முடிவெடுத்தது நிதியமைச்சகம் இல்லை, மத்திய வங்கியின் நிர்வாகக் குழு. பங்குகளை விற்று முடித்த பிறகுதான் அறிவிப்பு வந்தது, கூடவே நெறிமுறைக் குழுவின் முழு அறிக்கையும். என்னைக் கேட்டால் இந்த அறிக்கைதான் மொத்த ஏற்பாட்டின் உயிர். காரணம் எழுத்தில் இல்லையென்றால் அது வெறும் விருப்பு வெறுப்பு.

கேள்வி: இவர்கள் விற்றால் வேறொருவர் வாங்கிக்கொள்வார். கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

பதில்: பண நஷ்டம் பெரிதாக இருக்காது, உண்மைதான். ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனியைப் பாருங்கள். இந்தோனேசியாவின் பப்புவாவில் உள்ள கிராஸ்பர்க் சுரங்கத்தின் கழிவை நேராக ஆற்றில் விடுகிறார்கள், அந்தச் சுரங்கத்தில் பங்கிருந்ததால் 2008-இல் அந்தக் கம்பெனியை விலக்கினார்கள். 2018-இல் அது தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது, அடுத்த ஆண்டே தடையும் நீங்கியது. ஆனால் சுரங்கம் அங்கேயேதான் இருக்கிறது, கை மாறியதோடு சரி! அதனால்தான் விலக்குவதைவிட பங்குதாரராக உள்ளே இருந்து வாக்களித்து நெருக்கடி கொடுப்பது பல நேரம் மேல் என்கிறேன். எவ்வளவு கேட்டும் கம்பெனி அசையாவிட்டால், அப்புறம் விற்கலாம்.

கேள்வி: புகையிலை, நிலக்கரி?

பதில்: புகையிலை தயாரிப்பவர்கள் 2010 முதல் வெளியே. வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ அனல் நிலக்கரியிலிருந்து (மின்சாரத்துக்காக எரிக்கும் நிலக்கரி) வந்தால் விலக்கலாம் என்பது 2016 விதி.

கேள்வி: எண்ணெய் விற்ற காசில் அறம் பேசுவது முரணாக இல்லையா அண்ணா?

பதில்: முரண்தான், மழுப்ப மாட்டேன். எண்ணெய் தேடி எடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளை விற்கலாம் என்று 2019-இல் முடிவானபோதுகூட, சொன்ன காரணம் பருவநிலை இல்லை. எண்ணெய் விலை சரிந்தால் நாட்டுக்கு வரும் ஆபத்தைக் குறைப்பதுதான். இந்த நிதியத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

கேள்வி: இன்னொரு நாடு இதைத் தொடங்கினால் முதல் வேலை என்ன?

பதில்: எந்தெந்தக் கம்பெனியில் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்ற பட்டியலை வெளியிடுவது. நார்வே அதைச் செய்கிறது. பங்குதாரர் கூட்டத்தில் எப்படி வாக்களிக்கப் போகிறது என்பதையும் 2021 முதல் ஐந்து நாள் முன்பே சொல்லிவிடுகிறது. பட்டியலை மூடி வைத்துக்கொண்டு அறக்கொள்கை அறிக்கை மட்டும் விடுகிற நிதியத்தை நான் நம்ப மாட்டேன்.