கிருஷ்ணகிரி பக்கம் காட்டுப்பூ பார்க்க, ஒரே நாளில் ஏறி இறங்க எந்த மலை நல்லது? உச்சி வரை போனால்தான் பூ கிடைக்குமா?

இராயக்கோட்டை மலை. ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகை முடிவதற்குள், மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு போங்கள். உச்சிக்கும் போகலாம், ஆனால் பூவெல்லாம் பாதி வழியிலேயே முடிந்துவிடும். இது தெரிய எனக்கு மூன்று தடவை ஏற வேண்டியிருந்தது.

முதல் தடவை விவரம் தெரியாமல் சித்திரையில் போனேன். பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. அன்று நான் பார்த்த ஒரே பூ, அடிவாரத்தில் யாரோ வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தி.

இரண்டாம் தடவை கார்த்திகை மாதம், நண்பர்கள் ஐந்து பேர். யார் முதலில் மேலே போவது என்று போட்டி. மூச்சு வாங்க ஏறி, இடிந்த கட்டடம் முன்னால் நின்று போட்டோ எடுத்து, காற்று வாங்கிவிட்டு இறங்கிவிட்டோம். முட்டி வலி என்று பின்தங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட ஒருவன் மட்டும் சாயங்காலம் டீக்கடையில் செல்போனை நீட்டினான். அத்தனையும் பூ! நாங்களும் அதே வழியாகத்தான் ஏறினோம், ஒன்றும் கண்ணில் படவில்லை.

மூன்றாம் தடவை அண்ணன் மகளைக் கூட்டிப்போனேன். எட்டு வயசு. பத்தடிக்கு ஒரு தடவை குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் உயரத்துக்கு நானும் இறங்கிப் பார்த்தபோதுதான் மலையே வேறு மாதிரி தெரிந்தது. புல்லோடு புல்லாகப் படர்ந்து கிடக்கும் விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, ஆனால் அந்த நீலம் தப்பாது. தும்பையை ஒவ்வொன்றாகப் பறித்துத் தேன் உறிஞ்சினாள். (நாமெல்லாம் செய்ததுதானே, திட்ட மனம் வரவில்லை.) மலைமேல் இருக்கும் பழைய கோட்டைச் சுவர்ப் பக்கம் பூளைப்பூ வெள்ளை வெள்ளையாக நின்றது. "சித்தப்பா, இது பொங்கலுக்குக் காப்பு கட்டுற பூவு!" என்று கத்தினாள். வேப்பிலை, ஆவாரம்பூவோடு கட்டாக விற்பதைத்தான் பார்த்திருக்கிறாளே தவிர, செடியாக அன்றுதான் பார்த்தாள். ஆவாரை மட்டும் எங்கும் மஞ்சளாக இருக்கும், அதைத் தேட வேண்டியதில்லை.

இந்தக் கோட்டை திப்பு சுல்தானிடம் இருந்தது. 1791-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது, திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் சீமையே, அதாவது இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமே, அவர்கள் கைக்குப் போனது. இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. சுவர் இடுக்குகளில் மண்ணும் ஈரமும் தங்குவதால் செடி பிடித்துக்கொள்கிறது. பூ தேடுபவர்கள் சுவரை ஒட்டியே நடக்கலாம்.

அப்படி நடந்தபோதுதான் ஒரு புதருக்குள் செங்காந்தள் கண்டோம். நம் மாநில மலர், ஆனால் காட்டில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரே கொடியில் ஒன்று பச்சையும் மஞ்சளுமாக, அடுத்தது ஆரஞ்சு, அதற்கடுத்தது முழுச் சிவப்பு. மூன்று வகைப் பூ என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே பூதான், வயசுக்கேற்ப நிறம் மாறும். இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் கொடி மேலே ஏறும். குழந்தை கை நீட்டும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சத்தம் போட்டார்: "அதத் தொடாத கண்ணு, கண்ணு வலிப் பூவு அது!" உற்றுப் பார்த்தாலே கண்வலி வரும் என்பது ஊர் நம்பிக்கை. அது இருக்கட்டும், ஆனால் செடி முழுக்க, முக்கியமாகக் கிழங்கில், கொடிய விஷம். அதே விஷத்திலிருந்துதான் மூட்டு வீக்கத்துக்கு மருந்து எடுக்கிறார்கள். தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் இந்த ஒன்றை முதலிலேயே காட்டிச் சொல்லிவைத்துவிடுங்கள்.

வழியெல்லாம் உன்னிப்பூ கொத்துக் கொத்தாக இருக்கும். அழகுதான். அமெரிக்கப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கென்று கொண்டுவந்த செடி, இன்று நம் காட்டையே அடைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைப் படம் எடுக்க மனம் வராது.

போவதற்கு: கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ் உண்டு. தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு ரயிலும் உண்டு. காலை ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தால் சரி. பாறையில் பாசி இருக்கும், தேய்ந்த செருப்பு வேண்டாம். சுனைத் தண்ணீரை நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள். பாறை விளிம்பில் மலைத்தேன் கூடு கண்டால் சத்தமில்லாமல் விலகிப் போய்விடுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் புகை ஆகவே ஆகாது. இன்னொன்று, பூ பூக்கிற இதே மாதங்களில்தான் ராகி முற்றும், கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டமும் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். விடியற்காலையில் ஓசூர்ச் சாலையில் பைக்கில் வருகிறவர்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

"இதைவிடப் பெரிய மலை வேண்டும்" என்றால் அஞ்செட்டிப் பக்கம் குத்திராயன் இருக்கிறது. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

இராயக்கோட்டை உச்சிக்கு நாங்கள் அன்று போகவே இல்லை. கட்டுச்சோற்றைச் சுவர் நிழலில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கி, ஊரில் இரண்டு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். தக்காளிக்குப் பேர்போன ஊர், வெறுங்கையோடு வர முடியுமா?