கத்தவில்லை என்றால் சம்மதமா?

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகளுக்கு 24 வயது. கூட வேலை பார்க்கும் பையன் வேளச்சேரியில் அவன் ஃபிளாட்டில் வைத்துப் பலவந்தப்படுத்தியதாகச் சொல்கிறாள். பத்து நாளாயிற்று. அவளாகத்தான் போயிருக்கிறாள். கத்தவில்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்றிரவு "வீட்டுக்கு வந்துட்டேன்" என்று அவனுக்கே மெசேஜ் போட்டிருக்கிறாள். நம்புவதா? புகார் நிற்குமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நம்புங்கள். நீங்கள் சந்தேகப்படும் காரணங்கள் எல்லாமே இத்தகைய சம்பவங்களில் வழக்கமாகக் காண்பவை.

பெரும் பயத்தில் உடம்பு விறைத்துப்போகும். கையைத் தள்ள நினைத்தாலும் கை எழாது, குரல் வராது. ஸ்டாக்ஹோமில் பலாத்காரத்துக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் இந்த விறைப்பைச் சொன்னார்கள். போராட முடியாதபோது கீறல் எங்கிருந்து வரும்? மெசேஜும் அப்படித்தான். மறுநாள் ஆபீஸில் அவன் முகத்தில் விழிக்க வேண்டியவள், எதுவும் நடக்காததுபோல் இருந்து தப்பிக்கப் பார்த்திருக்கிறாள்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் சட்டத்தின் 63வது பிரிவுப்படி, சம்மதம் என்பது குறிப்பிட்ட அந்தச் செயலுக்குச் சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றி, தானாக முன்வந்து தெரிவிப்பது. எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வரச் சம்மதித்தவள் வேறெதற்கும் சம்மதிக்கவில்லை.

அந்த மெசேஜை அழிக்க விடாதீர்கள். அவன் போனில் அது இருக்கும். இவள் போனில் மட்டும் இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். அன்று போட்ட உடை துவைக்காமல் இருந்தால் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் போய்விடும். ஃபிளாட்டின் சிசிடிவி பதிவுமேல் சில வாரங்களில் புதுப் பதிவு ஏறிவிடும், அதைக் கைப்பற்றும்படி புகாரிலேயே எழுதுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள், உடலிலிருந்து மாதிரி எடுக்க 96 மணி நேரம் என்று கெடு உண்டு. அது தாண்டிவிட்டது. ஆனாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ வேறு எதற்கோ கூட்டிப்போங்கள். கர்ப்பம், பால்வினைத் தொற்று இரண்டுக்கும் சோதனை வேண்டும். தனியார் மருத்துவமனையானாலும் எஃப்.ஐ.ஆர். கேட்காமல் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீசுக்குத் தகவல் போகும், இதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்கிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அதைச் செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

புகாரைப் பெரம்பூரிலேயே கொடுக்கலாம். "வேளச்சேரிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே அங்கே மாற்ற வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். தாமதத்தால் மட்டும் வழக்கு விழாது. இத்தகைய வழக்குகளில் தயக்கம் இயல்பு என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே ஏற்றிருக்கிறது. பத்து நாள் ஏன் ஆனது என்பதை அவள் சொற்களிலேயே எழுதட்டும்.

கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. தயங்கினால் முதலில் பெண்கள் உதவி எண் 181இல் பேசச் சொல்லுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.